அப்பாவின் சம்மதம்

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
9 ஜூன் 2024

அன்புள்ள குமாருக்கு,

நேற்று போனை வைத்தது நான்தான். கோபத்தில் வைக்கவில்லை. அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். நீ அந்தப் பக்கம் கத்த, நான் இந்தப் பக்கம் கத்த, யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்கிறது. எல்லாம் புரிகிறது. அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேச எனக்கு இனி தெம்பில்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீயும் எழுது. எழுதினால் நடுவில் குறுக்கே பேச முடியாது, அது நம் இரண்டு பேருக்குமே நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவரிடம், "அப்பா, கோயம்புத்தூருக்கு எங்களோட வந்துடறீங்களா?" என்று கேட்டாய். "வரேன்" என்றார். நீ உடனே டிக்கெட் எடுத்துவிட்டாய். மறுநாள் காலை நான் கேட்டேன்: "இங்கேயே இருக்கீங்களாப்பா?" "இருக்கேன்" என்றார். அதை உன்னிடம் சொன்னதும் நான் அவர் மனசைக் கலைத்துவிட்டேன் என்கிறாய்.

நான் கலைக்கவில்லை குமார். மூன்று மாதமாக அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறார். போன மாதம் யாதகிரி அவரை முடிவெட்டக் கூட்டிப்போனார். யாதகிரி யாரென்று உனக்குத் தெரியும், பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் வைத்திருக்கிறவர். சலூன்காரன் சும்மா ஒரு பேச்சுக்கு, மீசையை எடுத்துவிடலாமா என்று தெலுங்கில் கேட்டிருக்கிறான். அப்பா "எடு" என்றாராம். அம்மா போன துக்கத்தில்கூட எடுக்க விடாத மீசை. சாயங்காலம் காலேஜிலிருந்து வந்து கதவைத் திறந்தால் யாரோ ஒருவர் நம் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

லாலாகுடா ரயில்வே ஒர்க் ஷாப்பில் யூனியன் கூட்டம் என்றால் முதலில் எழுந்து நிற்கிற கோவிந்தராஜன். வீட்டில் சாம்பாருக்கு எந்தக் காய் என்பதில்கூட விவாதம் பண்ணாமல் விடமாட்டார். அவருடைய "வரேன்"ஐ நீ சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறாய். அவருடைய "இருக்கேன்"ஐ நானும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நேற்று சொல்ல வந்தேன். சொல்லவிடவில்லை நீ.

டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடு.

அக்கா நீலா

*

கோயம்புத்தூர்
11 ஜூன் 2024

அக்கா,

கேன்சல் பண்ணிட்டேன். நீ சொன்னதால இல்ல, வர்ஷினி சொன்னா.

நீ மெடிக்கல் காலேஜ்ல அனாட்டமி நடத்தறவ. நான் ஸ்பின்னிங் மில்லுக்கு மெஷின் விக்கறவன். மூளையப் பத்தி உன்கிட்ட வாதாட என்னால முடியாது, அது உனக்கும் தெரியும். அதான் எப்பப் பேசினாலும் கடைசில எனக்குப் பாடம் எடுத்த மாதிரி முடியுது. மார்ச்ல அப்பா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போகூட, "தூக்கம் மாதிரி இருக்கு, பார்த்துட்டு இருக்கோம்"னு ஒரு வரி மெசேஜ். மறுநாள் சாயங்காலம்தான் ஸ்ட்ரோக்னு சொன்னே. நான் ஃப்ளைட் பிடிச்சு வந்து நின்னா, அவர் என் இடுப்பையே பார்த்துட்டு இருக்கார். முகத்தப் பார்க்கல. என்னைப் பிடிக்காம போயிடுச்சோன்னு நெனச்சேன். கண்ண மேல தூக்க முடியாதுன்னு நீ அப்புறம்தான் சொன்னே. அந்த அரை நாள் நான் பட்டது உனக்குத் தெரியாது.

சரி, அதை விடு. விஷயத்துக்கு வரேன். அங்க காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் அவர் யாதகிரியோட தனியா. இங்க வர்ஷினி வீட்லேந்தே வேலை பார்க்கறா. தாரிணிக்கு ஏழு வயசு, வாய் ஓயாது. வர்ஷினியோட அப்பா அம்மா ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. மனுஷங்க பேச்சுக் கேட்டுட்டே இருந்தா சரியாகும்னு தோணுது. இதுல என்ன தப்பு?

அவர் சரின்னு சொன்னா அது சரி இல்லைங்கறே. அப்போ அவர் வாய்ல வர்றதுல எதுதான் அவரோடது? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. பாடமா இல்ல, தம்பிகிட்ட சொல்ற மாதிரி சொல்லு. அவர் உள்ள இருக்காரா, இல்லையா?

குமார்

*

மாரெட்பள்ளி
16 ஜூன் 2024

அன்புள்ள குமார்,

உன் கடைசிக் கேள்வியை வைத்துக்கொண்டு ஐந்து நாள் சுற்றினேன்.

அந்த ஒரு வரி மெசேஜ் அனுப்பியபோது எனக்கே அவ்வளவுதான் தெரியும். காலையில் எழுப்பினேன். தட்டினால் கண் திறப்பார், பெயர் கேட்டால் சொல்வார், உடனே மூடிக்கொள்வார். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. தூக்க மாத்திரை அதிகமாகப் போட்டாரா, குடிப்பாரா என்றெல்லாம் கேட்டார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தபிறகுதான் தெரிந்தது. மூளையின் நட்டநடுவே இரண்டு வெள்ளைத் திட்டு, இடமும் வலமுமாக, எதிரெதிரே. பார்த்ததும் எந்த ரத்தக்குழாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் கொஞ்ச நேரம் யாருக்கும் போன் பண்ண முடியவில்லை.

அந்த இடத்துக்குத் தாலமஸ் என்று பெயர். உன் கட்டைவிரலின் மேல்பாதி அளவு இருக்கும், முட்டை வடிவம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே நீர் நிறைந்த ஒடுக்கமான ஓர் இடைவெளி. கண்ணில் படுவது, காதில் விழுவது, தோலில் படுவது எல்லாம் மூளையின் மேலடுக்குக்குப் போகிற வழியில் இங்கே வந்துதான் போகும். வாசனை மட்டும் விதிவிலக்கு, அது வேறு வழியாக நேரே போய்விடும்.

ஆனால் அது ஒரே கட்டி இல்லை. உள்ளே தனித்தனி நரம்புக் கூட்டங்கள். பின்பக்கம் பார்வைக்கு ஒன்று, அதை ஒட்டிக் கேள்விக்கு ஒன்று, கொஞ்சம் முன்னால் தொடு உணர்வுக்கு ஒன்று. அப்பாவுக்கு இவை எல்லாமே தப்பித்துவிட்டன. அடிபட்டது உள்பக்கம், அந்த நடு இடைவெளியை ஒட்டிய பகுதி. நம்மை விழிப்பாக வைத்திருக்கிற இழைகள் சில அங்கே இருக்கின்றன, அதனால்தான் அந்தத் தூக்கம். அதற்குச் சற்றுக் கீழே கண்ணை மேலும் கீழும் அசைக்கிற இடம். அதனால்தான் உன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அதே உள்பகுதியில்தான் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையோடு ஓயாமல் தொடர்பு வைத்திருக்கிற கூட்டமும் இருக்கிறது. இது எனக்கு வேண்டும், இது வேண்டாம் என்று ஒருவருக்குத் தானாகத் தோன்றுவதற்கு அந்தத் தொடர்பு வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்துக்கு ஒரு ரத்தக்குழாய், வலப்பக்கத்துக்கு ஒன்று. சிலருக்கு மட்டும் ஒரே குழாய் கிளம்பி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கத்துக்கும் போகும். அப்பா பிறக்கும்போதே அப்படிப் பிறந்திருக்கிறார். இத்தனை வருஷம் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த ஒன்று அடைத்ததும் இரண்டு பக்கமும் சேர்ந்து போய்விட்டது. யாரும் செய்த தப்பு இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இருக்கிறார் குமார். முழுசாக இருக்கிறார். போன வாரம் ஜேம்ஸ் அங்கிள் வந்திருந்தார். அப்பாவும் அவரும் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் இல்லையா, "கோவிந்து, அந்த ஸ்ட்ரைக் டைம்ல என்ன ஆச்சு, சொல்லேன்" என்றார். அப்பா ஆரம்பித்தார் பார், யார் எந்த கேட்டில் நின்றார்கள், மௌலா அலி மலைமேல் போய்க் கூட்டம் போட்டது, டி.ஜி.எம். ஜீப்பில் வந்து இறங்கியது எல்லாம் சொன்னார். ஒரு விவரம் தப்பவில்லை. நடுவில் ஜேம்ஸ் அங்கிளுக்கு போன் வந்து அவர் எழுந்து போனார். அப்பா அந்த வாக்கியத்தின் பாதியில் நிறுத்திவிட்டார். ஜேம்ஸ் அங்கிள் திரும்பி வந்து உட்கார்ந்தும் தொடரவில்லை. "அப்புறம்?" என்று கேட்டபிறகுதான் மிச்சப் பாதி வந்தது.

கதை அத்தனையும் உள்ளே இருக்கிறது. தானாக அதைத் தொடங்க முடியவில்லை. யார் தொடங்கி வைத்தாலும் அவர்களோடு போவார். நீ தொடங்கினால் கோயம்புத்தூர், நான் தொடங்கினால் மாரெட்பள்ளி.

இது உனக்குப் பாடம் மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

நீலா

*

கோயம்புத்தூர்
1 ஜூலை 2024

அக்கா,

ரெண்டு தடவை படிச்சேன். வர்ஷினி மூணு தடவை படிச்சா. படிச்சுட்டு, "உங்கக்கா நம்ம வீட்டுக்கு வந்து இவ்ளோ பேசினதே இல்லையே"ங்கறா.

வாசனை மட்டும் அந்த வழியா போகாதுன்னு எழுதியிருந்தே இல்ல? அதையே நெனச்சுட்டு என்னால தூங்க முடியல. அப்போ வாசனைய வச்சு உள்ள போயிடலாமேன்னு தோணிச்சு. உடனே சிரிக்காதே. ஒரு பார்சல் அனுப்பியிருக்கேன். ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி இறுக்கமா டேப் போட்டிருக்கும். உள்ள மெஷின் துடைக்கற காட்டன் வேஸ்ட், கிரீஸ்லயும் ஆயில்லயும் ஊற வச்சது. மில்லுல ஃபோர்மேன்கிட்ட கேட்டு வாங்கினேன். அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அப்படியே நம்மளத் தூக்குவாரே, அந்தச் சட்டை வாசனை. நான் பாட்டிலத் திறந்து மோந்து பார்த்துட்டு கார்லயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கிட்ட கொடுத்துட்டு என்ன ஆச்சுன்னு எழுது. எதுவும் சொல்லிக் கொடுக்காதே, சும்மா கொடு.

குமார்

*

மாரெட்பள்ளி
13 ஜூலை 2024

அன்புள்ள குமார்,

பார்சல் வந்தது. கூரியர்காரன் என்ன மேடம் இது, மண்ணெண்ணெயா என்று மோந்துகொண்டே கொடுத்தான்.

நீ சொன்னபடி ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து அப்பா கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "காட்டன் வேஸ்ட்" என்றார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் சமையலறைக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன், அப்போதும் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். "கீழ வச்சுடுங்கப்பா" என்றேன். வைத்துவிட்டார்.

உனக்கு எழுத மனசே வரவில்லை. நீ ஆசையாகச் செய்தது. வாசனை நேரே போகும் என்பது உண்மைதான், என்ன வாசனை என்று அவர் உடனே சொல்லிவிட்டாரே. ஆனால் அந்த வாசனை தனக்கு என்ன என்று மனசு வைத்துப் பார்க்க, அதுவும் சுற்றிக்கொண்டு இதே இடத்துக்கு வந்துதான் போகவேண்டும். அதை முன் கடிதத்திலேயே எழுதியிருக்கவேண்டும். பாட்டிலை நான் தூக்கிப்போடவில்லை, என் மேஜையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? டி.வி.யில் நியூஸ் விவாதம் கிடையாது. காலையில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுகிற சத்தம் கிடையாது. சாம்பாரில் நான் போடுகிற காய்தான் காய். அவர் போட்டிருக்கிற சட்டைகள் எல்லாம் நான் எடுத்துக் கொடுக்கிற வெளிர்நீலம். நேற்று அலமாரியை ஒதுக்கும்போது அவர் ஆசையாக வாங்கிய கட்டம் போட்ட சட்டைகள் அடியில் மடித்தபடியே கிடந்தன. மார்ச்சிலிருந்து ஒன்றைக்கூட நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது குமார். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்த மாதத்திலிருந்து எனக்குக் கரீம்நகரில் எக்ஸாம் டியூட்டி, அப்புறம் காலேஜில் இன்ஸ்பெக்ஷன். அவரைக் கூட்டிக்கொண்டு போ. பொங்கல் வரைக்கும் உன் வீட்டில் இருக்கட்டும். பொங்கலுக்கு நான் வந்து அழைத்துவருகிறேன். அவரைக் கேட்டேனா என்று கேட்காதே. கேட்டால் என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நீலா

*

கோயம்புத்தூர்
4 ஆகஸ்ட் 2024

அக்கா,

நல்லபடியா வந்து சேர்ந்தோம்னு மட்டும் மெசேஜ் போட்டேன். அது பாதிதான். மீதிய இப்போ எழுதறேன்.

சபரி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க நல்லாத் தூங்கினார். காலைல இறங்கினோம். கார் ஸ்டேஷன் பார்க்கிங்ல நின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு பெட்டி, அவர் பை, மாத்திரைப் பெட்டி, எல்லாத்தையும் தூக்கிட்டு அவரயும் அவ்ளோ தூரம் நடத்த வேண்டாமேன்னு, வெளிய ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்பத்துகிட்ட நிறுத்தினேன். "அப்பா, இங்கயே நில்லுங்க, காரை எடுத்துட்டு வந்துடறேன்"னேன். "சரி"ன்னார்.

பார்க்கிங்ல எவனோ என் காருக்குக் குறுக்கால வண்டிய விட்டுட்டுப் போயிட்டான். அவனத் தேடிப் பிடிச்சு எடுக்க வைக்கறதுக்குள்ள மழை பிடிச்சிருச்சு. இங்க ஆடி மாசம்னா சாரல்தான் இருக்கும், அன்னைக்குன்னு பார்த்துக் கொட்டிச்சு. எனக்குக் கவலையே வரல. ஸ்டேஷன் முகப்புல கூரை இருக்கு, நாலு அடி நகர்ந்தா போதும், சின்னக் குழந்தைகூடப் போய் ஒதுங்கும்னு நெனச்சேன்.

காரை ஓட்டிட்டு வரேன். எல்லாரும் கூரைக்குக் கீழ நெருக்கி நிக்கறாங்க. அப்பா மட்டும் கம்பத்துகிட்ட. சட்டை உடம்போட ஒட்டி, கண்ணாடில தண்ணி வழிஞ்சு, கை ரெண்டையும் தொங்கப் போட்டுட்டு நேரா நிக்கறார். ஒரு ஆட்டோக்காரர் குடையோட போய் அவர் கையப் பிடிச்சு இழுத்துப் பார்த்திருக்கார். இவர், "பையன் இங்க நிக்கச் சொன்னான்"ன்னாராம். அந்த ஆட்டோக்காரர் என்னைத் திட்டினார் பாரு, வாழ்க்கைல அப்படி யாரும் திட்டினதில்ல.

கார்ல உட்கார வச்சுத் துவட்டிட்டே கேட்டேன், "ஏம்ப்பா, மழை வந்தா உள்ள போகக் கூடாதா?"

"நீ சொல்லலியே"ன்னார். கோபம் இல்ல, வருத்தம் இல்ல. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னார்.

ஜுரம் எதுவும் வரல, பயப்படாதே. ஆனா எனக்கு அன்னைலேந்து அவர்கிட்ட எதையும் கேட்கவே பயமா இருக்கு. நான் என்ன கேட்டாலும் அது உத்தரவு மாதிரி ஆயிடுது. நீ அத்தனை பக்கம் எழுதினப்போ புரிஞ்சுதுன்னு நெனச்சேன். அந்தக் கம்பத்துகிட்டதான் புரிஞ்சுது.

என்ன பண்றதுன்னு சொல்லு அக்கா. பாடமாவே சொல்லு, பரவால்ல.

குமார்

*

கரீம்நகர்
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள குமார்,

மழையில் நின்றவர் நம் அப்பா. திட்டு வாங்கியவன் என் தம்பி. இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டே இன்று விடைத்தாள் திருத்தினேன். யாருக்கு என்ன மார்க் போட்டேன் என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மருந்து மாதிரி நம்பாதே. பதிலைச் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்காதே. "காபி குடிக்கறீங்களா" என்றால் குடிப்பார். இரண்டு பொருளை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இரு. கை நீட்டுகிறாரா பார். எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் இதைச் செய்து பார்த்ததில்லை. சீக்கிரம் கிளம்பவேண்டும் என்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

நியூராலஜி டாக்டர் எழுதிக் கொடுத்த புது மாத்திரையைக் காலையில் மட்டும் கொடு. சிலருக்குப் பலன் தரும், சிலருக்கு இல்லை என்றுதான் அவரும் சொன்னார்.

நெட்டில் எல்லாரும் தாலமஸை ரிலே ஸ்டேஷன் என்று போட்டிருப்பார்கள், கீழே இருந்து வருவதை மேலே அனுப்புகிற இடம் என்று. நானும் முதல் வகுப்பில் அப்படித்தான் சொல்வேன். உண்மையில் அது மேலே அனுப்புகிற இழைகளைவிட, மேலே இருந்து அதற்குத் திரும்பி வருகிற இழைகள் பல மடங்கு அதிகம். அப்பாவுக்கு மேலே உள்ளதெல்லாம் நன்றாக இருக்கிறது. அவை இன்னும் கீழே கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பதில் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. நாமும் அவசரப்படுத்தாமல் இருப்போம்.

நீலா

*

கோயம்புத்தூர்
17 நவம்பர் 2024

அக்கா,

உன்கிட்ட போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா இது எழுத்துல இருக்கட்டும்னு தோணிச்சு.

செப்டம்பர் பூரா ஒண்ணுமே நடக்கல. காலைல ரெண்டு சட்டை கட்டில்ல வைப்பேன், ஒண்ணு வெளிர்நீலம், ஒண்ணு கட்டம். அவர் பாட்டுக்குப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு மில்லுக்கு நேரமாகும். பல நாள் நானே ஒண்ண மாட்டிவிட்டுட்டு ஓடியிருக்கேன், பொய் சொல்லல. வர்ஷினிதான், "நீங்க ஆபீஸ் போங்க, மாமாவுக்கு எப்ப தோணுதோ அப்ப போட்டுக்கட்டும்"னு சொல்லி அவர பனியனோடயே விட்டா. ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் பனியன்ல இருந்திருக்கார். அவ மீட்டிங் முடிஞ்சு எழுந்து வந்தா கட்டம் போட்ட சட்டை போட்டு, பட்டன் ஒண்ணு மாறி, உட்கார்ந்திருக்கார். போன் பண்ணி அழறா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.

அப்புறம் கேரம். தாரிணிக்கு ஆள் கிடைக்காம தாத்தாவ உட்கார வச்சுட்டா. "தாத்தா உங்க டர்ன், தாத்தா உங்க டர்ன்"னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும். சொன்னா அடிப்பார், அழகா போகும். நேத்து சாயங்காலம் அவ ஆட்டத்த விட்டுட்டு ஜன்னல்கிட்ட ஓடிட்டா, வெளிய யானை போச்சு. திரும்பி வந்தா ரெட் காயினக் காணோம். தாத்தா பாக்கெட் பண்ணிட்டார். அதுவும் அவ டர்ன்ல! "சீட்டிங், சீட்டிங்"னு வீட்டையே ரெண்டாக்கிட்டா.  அப்பாவுக்கு உதட்டோரம் கொஞ்சம் அசைஞ்சுது. நான் பார்த்தேன்.

கண்ணும் இப்போ மேல போகுது. நான் நின்னுட்டுப் பேசினா என் முகத்தப் பார்க்கறார்.

குமார்

*

மாரெட்பள்ளி
5 டிசம்பர் 2024

அன்புள்ள குமார்,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் ஆட்டோவில் படித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

சந்தோஷத்தோடு இன்னொன்றும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சிரிப்பை முதலில் பார்த்தது நீ. எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று நாள் இருந்தது, இப்போது பரவாயில்லை.

இன்ஸ்பெக்ஷன் முடிந்துவிட்டது. யாதகிரி மறுபடி வரச் சம்மதித்துவிட்டார். அப்பாவின் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல் பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறேன், கேரம் போர்டு ஒன்றும் வாங்கிவிட்டேன். நாம் பேசியபடி பொங்கலுக்கு வருகிறேன். பத்தொன்பதாம் தேதிக்கு அவருக்கும் எனக்கும் திரும்பி வர டிக்கெட் எடுத்துவிட்டேன். வர்ஷினியிடம் சொல்லிவிடு. தாரிணியிடம் மெதுவாகச் சொல்.

நீலா

*

மாரெட்பள்ளி
26 ஜனவரி 2025

அன்புள்ள குமார்,

வந்து ஒரு வாரம் ஆகிறது. நீ மூன்று தடவை போன் பண்ணினாய், நான் எடுத்து, நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கிளம்பிய அன்று உன் வீட்டு வாசலிலும் நாம் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நீ பேச வந்தாய், நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன். உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ வாசலில் பையோடு நின்றாய், நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லவேண்டும்.

வர்ஷினி ரயிலுக்குப் புளிசாதம் கட்டி வைத்துவிட்டாள். அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஷூவை அவர் காலடியில் வைத்து, "ஷூ போட்டுக்கோங்கப்பா, நம்ம வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். பத்து மாதமாக எது சொன்னாலும் செய்கிறவரிடம் சொல்கிற மாதிரி சொன்னேன்.

அவர் ஷூவைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் கண் மேலே வந்து என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் அவசரப்படுத்தவில்லை, ஏனென்று தெரியவில்லை.

"நக்கோ" என்றார்.

சமையலறையிலிருந்து வர்ஷினி எட்டிப்பார்த்து, "மாமா என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள். கோயம்புத்தூர்ப் பெண், அவளுக்கு எங்கே தெரியும். நீ, "வேண்டாம்ங்கறார்" என்றாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

குமார், அவர் யார் பேச்சையும் திருப்பிச் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் பேசாத வார்த்தை அது. லாலாகுடாவில் ஜேம்ஸ் அங்கிளோடும் மற்றவர்களோடும் டீக்கடையில் நின்று பேசிய ஹைதராபாத் உருதுவிலிருந்து அவரே தேடி எடுத்தது. ஹைதராபாத்துக்கு வர மாட்டேன் என்று ஹைதராபாத்காரர் மாதிரிச் சொன்னார். இத்தனை மாதம் நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. எனக்கு எதிராக வரும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி, "எழுந்திருங்கப்பா, நேரமாச்சு" என்று நான் சொல்லியிருந்தால் அவர் எழுந்திருப்பார். எனக்கு நன்றாகத் தெரியும். அந்த "நக்கோ" இன்னும் அவ்வளவு மெல்லியதுதான், யார் தட்டினாலும் உடைந்துவிடும். வார்த்தை என் தொண்டைவரைக்கும் வந்தது. வெள்ளையடித்த அறை, ஜன்னல் மேஜை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏன் என்றாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதையும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்கிற மனிதர் காரணமும் சொல்லவேண்டும் என்று என்ன இருக்கிறது?

"சரிப்பா" என்றேன். ஷூவை எடுத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன், அவர் அதைப் பார்த்து மனசை மாற்றிக்கொண்டுவிடுவாரோ என்றுதான் ஆட்டோவை அவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டேன்.

ரயிலில் எதிர் சீட்டு அம்மா, என்னம்மா அழறியா சிரிக்கறியா என்று கேட்டார். எங்கப்பா வர மாட்டேன்னு சொல்லிட்டார் என்றேன். பாவம், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. புளிசாதத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

ஜேம்ஸ் அங்கிளிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஹவ்? அப்படியா சொன்னான்? அந்த வார்த்தையா?" என்று அதே பாஷை கலந்து நாலு தடவை கேட்டார். அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வந்து பார்க்கிறாராம்.

நான் இனி லீவுக்கு லீவு அங்கே வருகிறேன். அவருக்கு எப்போதாவது இங்கே வரத் தோன்றினால் அவரே சொல்லட்டும். நீயாகக் கேட்காதே.

இங்கே பனி அதிகம், அங்கேயும் காலையில் குளிரும் என்று வர்ஷினி சொன்னாள். அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அவரைக் கேட்டுவிட்டுப் போட்டுவிடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு.

அன்புடன்
அக்கா நீலா